கைபேசிக் காமிராவும் நம் இல்லமும்

 

இம்மாதப் பாடம், நம்மில் அநேகமாக எல்லோருடைய கையிலும் இருக்கின்ற ஒரு சிறு கருவியைப் பற்றியது. கைபேசியில் உள்ள காமிராவைத்தான் சொல்கிறோம். அதைக் கொண்டு நம் அன்றாட வாழ்வையும், ஓய்வு நேரத்தில் நாம் விரும்பிச் செய்யும் காரியங்களையும் எப்படிப் படமெடுத்து வைப்பது? எதை எடுக்கலாம், எதை எடுக்காமல் விடுவது நலம்? எடுத்ததை எப்படிக் காப்பது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் என் சொந்த வாழ்வில் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். இப்பாடம் அதிலிருந்து பிறந்தது.

என் வாப்பும்மா பத்தமடையில் பாய் நெய்தவர்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, காயவைத்து, ஓடும் நீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயமேற்றி, பாவு நூலினூடே ஒவ்வோர் இழையாகச் செருகி நெய்யும் வேலை அது. பட்டுப்பாய் என்றால் துணி போல மடித்து வைக்கலாம். வாப்பும்மா விரலால் தொட்டே கோரையின் ஈரம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார்கள்.

அவர்கள் மவுத்தாவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், தறியருகே உட்கார்ந்திருந்தபோது கைபேசியை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, "மொகத்த எடுக்காத வாப்பா. வேணும்னா என் கைய எடுத்துக்கோ" என்றார்கள். "கையை எடுத்து என்ன செய்ய, வாப்பும்மா?" என்று சிரித்தபடி கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அவர்கள் போன பிறகு, என் சின்ன வாப்பா மகள் அரைகுறையாக நின்ற பாயொன்றை முடிக்க விரும்பினாள். ஓரத்தை வாப்பும்மா எப்படி மடித்துக் கட்டுவார்கள் என்று என்னிடம் கேட்டாள். கைபேசியைத் தேடினேன். நாலாயிரத்துக்கு மேல் படங்கள் இருந்தன. காலை வணக்கப் பூக்கள், ஓட்டலில் தின்ற பிரியாணித் தட்டுகள், கூட்டாளிகளோடு நின்ற படங்கள். வாப்பும்மாவின் கைகள் ஒன்றில்கூட இல்லை. அவர்களே மனமுவந்து கொடுத்த அனுமதியை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

முகத்தை எடுக்காதே, கையை எடுத்துக்கொள். படிக்காத ஒரு மூதாட்டி சொன்ன இந்த ஒரு வார்த்தைக்குள் இன்றைய பாடம் முழுதும் அடங்கியிருக்கிறது.

இக்கருவி வந்த வழி

காமிரா நமக்கு அந்நியமானதன்று. ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் என்ற பேரறிஞர், ஒளியைப் பற்றி 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலை எழுதினார். இருண்ட அறையின் சிறு துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தால், ஒவ்வொரு விளக்கின் ஒளியும் ஒன்றோடொன்று கலவாமல் உள்ளே தனித்தனியாக விழுவதை அவர் சோதித்துக் காட்டினார். சூரிய கிரகணத்தின்போது பிறை வடிவம் துவாரத்தின் வழியே தலைகீழாக விழுவதையும் ஆராய்ந்தார். இன்று கைபேசியின் முதுகில் உள்ள கண்ணாடித் துளிக்குள் நடப்பதும் இதுவேதான். விழுகின்ற ஒளியை அன்று சுவர் ஏற்றது. இன்று ஒரு மின்னணுச் சில்லு ஏற்கிறது.

விழுந்த உருவத்தை நிலைநிறுத்தி வைக்கும் முறை 1839இல் பிரான்ஸ் நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் 22 ஆண்டுகளிலேயே, 1861இல், முஹம்மது சாதிக் என்ற எகிப்திய இராணுவப் பொறியாளர் மதீனா நகரைப் படமெடுத்தார். 1880இல் ஹஜ்ஜுக் கூட்டத்தோடு சென்று மக்காவையும் எடுத்தார். கனமான பெட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு அவர் எடுத்த படங்களால்தான், அக்காலத்துப் புனிதத் தலங்களின் தோற்றத்தை இன்று நாம் காண்கிறோம்.

1997இல் பிலிப் கான் என்ற பொறியாளர், தமக்குப் பிறந்த பெண் குழந்தையின் படத்தை மருத்துவமனையிலிருந்தே கைபேசி வழியாக நண்பர்களுக்கு அனுப்பினார். 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் காமிராவுடன் கூடிய கைபேசி விற்பனைக்கு வந்தது. எங்கோ இருக்கும் உறவினர்க்கு வீட்டு மகிழ்ச்சியைக் காட்டும் ஆசைக்கு இக்கருவி இவ்விதம் தொடக்கத்திலேயே பயன்பட்டது. துபாயிலும் ரியாத்திலும் உழைக்கும் தகப்பனார், பிள்ளை எழுதிய முதல் 'அலிஃப்' எழுத்தை அன்றிரவே பார்க்க முடிவது சிறிய நிஃமத்தா? நன்றியோடு எண்ணிப் பாருங்கள்.

அறிஞர்களின் கருத்து

நிழற்படம் கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், காமிரா புதிதாக எதையும் படைப்பதில்லை, இருக்கின்ற நிழலைத் தடுத்து நிறுத்தி வைக்கிறது என்று வாதிட்டு, இது ஆகுமானதே எனத் தனி நூலே எழுதினார். இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்கள் பலர், கையால் வரைந்தாலும் கருவியால் எடுத்தாலும் உயிருள்ளவற்றின் உருவம் உருவமே என்றும், அவசியத் தேவைக்கு மட்டுமே இடமுண்டு என்றும் கூறினர். திரையில் தோன்றி மறைவது வேறு, காகிதத்தில் அச்சிடுவது வேறு எனப் பிரித்துப் பேசுவோரும் உண்டு.

இவற்றில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. உங்கள் வீட்டார் நம்பிப் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், உயிரற்ற பொருள்கள், இடங்கள், மரஞ்செடிகள் ஆகியவற்றைப் படமெடுப்பதில் இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. முகம் தெரியாமல் வேலையை மட்டும் காட்டும் படத்தில் பலருடைய தயக்கம் வெகுவாகக் குறைகிறது. நம் வீட்டில் அழிந்து போகாமல் காக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது!

எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது: யாருடைய அனுமதியோடு எடுக்கிறேன்?

பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்பது சூரத்துந் நூரின் கட்டளை. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. வாசலில் நிற்பவன் கண்ணுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ஒரு முறை பார்த்ததை ஆயிரம் பேருக்குக் காட்டக்கூடிய கண்ணுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

எங்கள் உறவில் ஒரு நிக்காஹ் வீட்டில், பெண்கள் பகுதியில் ஓர் இளம்பெண் விளையாட்டாக எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவொன்றுக்குப் போனது. அங்கிருந்து மற்றொன்றுக்குப் போனது. முக்காடு விலகி நின்ற ஒரு ராத்தா அதில் இருந்தார். எடுத்தவள் மன்னிப்புக் கேட்டாள், தன் கைபேசியிலிருந்து அழித்தாள். ஆனால் எத்தனை கைபேசிகளில் அது இன்னும் கிடக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ராத்தா அதன்பின் கலியாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். எடுக்க ஒரு நொடி போதும். திரும்பப் பெற ஆயுள் போதாது.

வளைகுடாவில் இருப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருடைய அந்தரங்கம் குலையும்படி அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றங்கள்.

அனுமதி என்பது பெரியவர்களுக்கு மட்டுமா? அன்று. குளிக்கும் குழந்தை, அழுது அடம்பிடிக்கும் குழந்தை, மதரஸாவில் தவறாக ஓதித் திணறும் குழந்தை ஆகியோரின் படங்களை ஊருக்குக் காட்டிச் சிரிக்காதீர்கள். அக்குழந்தைக்கு நாளை இருபது வயதாகும். அன்று அது வெட்கப்படும்படியான எதையும் இன்று நாம் பரப்பக் கூடாது.

இரண்டாவது: எதற்காக எடுக்கிறேன்?

செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். ஏழைக்கு அரிசிப் பை கொடுக்கும்போது அவர் முகத்தையும் நம் கையையும் சேர்த்துப் படமெடுத்தால், அந்த ஸதகா யாருக்காகக் கொடுக்கப்பட்டது? கணக்குக் காட்ட வேண்டிய சங்கமாக இருந்தால், அடுக்கி வைத்த பைகளை எடுத்துக்கொள்ளலாமே! வாங்குபவரின் முகம் எதற்கு? நோன்பு திறக்கும் விரிப்பில் பதினைந்து வகைப் பலகாரங்களைப் பரப்பி எடுத்த படத்தை, ஒரு வகைக்கும் வழியில்லாத அண்டை வீட்டார் பார்ப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

மூன்றாவது: இது எங்கே போய்ச் சேரும்?

வீட்டுக்குள் வைத்துப் பார்க்க எடுத்தது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஒருவருக்கு அனுப்பியதும் அது நம் கையை விட்டுப் போய்விட்டது. படமெடுக்க ஒருவர் தரும் அனுமதி, அதை அனுப்புவதற்கான அனுமதி ஆகாது. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

எதை எடுக்கலாம்?

இக்கேள்விகளுக்குப் பிறகு எடுக்க என்ன மிஞ்சும் என்று சிலர் கேட்கலாம். நிறையவே மிஞ்சும்!

உம்மா இடியப்பம் பிழியும் கைகள், நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவிலிருந்து எழும் ஆவி, வாப்பா தினமும் ஓதும் குர்ஆன் பிரதியின் தேய்ந்த ஓரங்கள், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் எனத் தொடங்கினால் பட்டியல் நீளும். ஓய்வு நேரத்தில் பூத்தையல் போடும் சகோதரி, ஒவ்வொரு வகைத் தையலையும் படிப்படியாக எடுத்து வைக்கலாம். மாடித் தோட்டம் போடுபவர் ஒரே செடியை ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு முறை எடுத்தால், விதை முதல் காய் வரை ஒரு வரலாறு கிடைக்கும். பழைய நாணயம், தபால்தலை சேர்ப்பவர்கள் தங்கள் சேகரிப்புக்குப் படப்பட்டியல் செய்யலாம்.

மற்றொரு முக்கியமான காரியமும் உண்டு. நம் வீடுகள் பலவற்றில் பாட்டனார் காலத்து அரபுத் தமிழ் கிதாபுகளும், கையால் எழுதிய வைத்தியக் குறிப்புகளும், நிக்காஹ் ஏடுகளும் பரணில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது, பொழுதுபோக்கு ஒன்றையே கல்விப் பணியாக ஆக்குவதாகும். தாள் ஒடிந்து விழுகிற நிலையில் இருந்தால் பலவந்தமாக விரிக்காதீர்கள். திறக்கிற அளவுக்குத் திறந்து, கைபேசியைப் பக்கத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து, மின்னொளி போடாமல் எடுங்கள்.

எப்படி எடுப்பது?

விலையுயர்ந்த கைபேசி தேவையில்லை. கீழ்க்காணும் ஏழு விதிகளைக் கடைப்பிடித்தால் போதும்.

1. முதலில் துடையுங்கள். சட்டைப் பையிலும் சமையலறையிலும் கிடக்கும் கைபேசியின் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். படம் மங்கலாக இருப்பதற்குப் பல சமயம் இதுவே காரணம். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.

2. ஒளியைத் தேடுங்கள். கைபேசிக்குள் இருக்கும் சில்லு மிகச் சிறியது. ஆகவே அதற்கு ஒளி அதிகம் வேண்டும். நடுப்பகல் வெயிலைவிட, காலையிலோ அஸருக்குப் பின்போ ஜன்னல் வழியே பக்கவாட்டில் வரும் ஒளி மென்மையானது. தையலின் மேடு பள்ளமும் பாயின் இழையும் அந்த ஒளியில் தெளிவாகத் தெரியும். ஆவியை எடுக்க வேண்டுமானால் ஒளி அதன் பின்னாலிருந்து வரட்டும்.

3. கிட்டே போங்கள். திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதாகவே முடியும், தெளிவு குறையும். இரண்டடி முன்னால் நடப்பதே சிறந்தது.

4. தொட்டுக் காட்டுங்கள். எது தெளிவாக விழ வேண்டுமோ அதைத் திரையில் விரலால் தொடுங்கள். காமிரா அதையே கூர்ந்து நோக்கும். வெளிச்சம் மிகுந்து வெளுத்துப் போனால், பெரும்பாலான கைபேசிகளில் விரலை இழுத்தே ஒளியைக் குறைக்கலாம்.

5. அசையாமல் பிடியுங்கள். இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மங்கிய ஒளியில் சுவரிலோ தூணிலோ சாய்ந்து நில்லுங்கள்.

6. பின்னணியைப் பாருங்கள். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் ஒரு கண்ணாடி இருந்தால், அதில் வேறொருவர் தெரியலாம். கொடியில் காயும் துணி, மேசை மேல் கிடக்கும் வங்கிப் புத்தகம், திறந்திருக்கும் உள்ளறைக் கதவு ஆகியவையும் படத்தில் விழும்.

7. வேலையைப் படிப்படியாக எடுங்கள். ஒரு கைத்தொழிலைக் காட்ட ஒரு படம் போதாது. மூலப்பொருள், கருவி, தொடக்கம், நடு, முடிவு எனக் குறைந்தது ஐந்து படங்கள் வேண்டும். விரல் எப்படி அசைகிறது என்பதற்கு அரை நிமிட நகரும் படம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததைக் காப்பது எப்படி?

படங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால், அது தொலையும் நாளில் அவையும் தொலையும். ஒரு பிரதி கைபேசியில், ஒரு பிரதி கணினியிலோ தனி நினைவகத்திலோ, ஒரு பிரதி வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. ஏடுகளின் படங்களை ஆவணக் கோப்பாக அனுப்பினால் தெளிவு குறையாது.

மாதம் ஒரு நாள் உட்கார்ந்து வேண்டாதவற்றை அழியுங்கள். நாலாயிரம் படங்களுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு நல்ல படம் இல்லாததற்குச் சமம். மிஞ்சியவற்றில் இது யார் செய்தது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

படத்தோடு, அது எடுக்கப்பட்ட இடமும் மறைவாகப் பதிவாகக்கூடும். காமிராவின் அமைப்புப் பகுதியில் இடக்குறிப்பை நிறுத்தி வைக்கலாம். அழித்த படமும் உடனே மறைந்துவிடுவதில்லை. பல கைபேசிகளில் அது குப்பைத்தொட்டிப் பகுதியில் சில வாரங்கள் கிடக்கும். கைபேசியை விற்கும் முன், படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, கருவியை முற்றிலும் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கொடுங்கள். அதற்குள் உங்கள் வீட்டுப் பெண்களின் மானமும் இருக்கிறது.

இம்மாதப் பயிற்சி

ஏழு நாட்கள், நாளுக்கு ஒரு படம் மட்டும் எடுங்கள். முதல் நாள் ஜன்னல் ஒளியில் ஒரு பாத்திரம். இரண்டாம் நாள் வீட்டிலேயே மிகப் பழைய பொருள். மூன்றாம் நாள் ஒரு செடி. நான்காம் நாள் பழைய ஏட்டின் ஒரு பக்கம். ஐந்தாம் நாள் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுளு, தொழுகைக்கு ஆள் வராத நேரத்தில். ஆறாம் நாள் உங்கள் பொழுதுபோக்குக்குரிய கருவிகள். ஏழாம் நாள், வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, வேலை செய்யும் அவர் கைகள். எடுத்ததை முதலில் அவரிடம் காட்டுங்கள். "வேண்டாம்" என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். இந்த ஏழாவது படத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

சென்ற வருடம் என் சின்ன வாப்பா மகளோடு, பாய் நெய்யும் ஒரு மாமியின் வீட்டுக்குப் போனேன். அனுமதி கேட்டோம். "மொதல்ல எனக்குக் காட்டணும்" என்றார்கள். எடுத்தவற்றில் இரண்டை வேண்டாமென்றார்கள், அழித்தோம். ஓரம் மடித்துக் கட்டும் அவர்கள் விரல்களை மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டோம். அதைப் பார்த்துப் பார்த்து, கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த வாப்பும்மாவின் பாயை அவள் முடித்துவிட்டாள். ஆனால் அந்த முடிச்சு வாப்பும்மாவின் முடிச்சு அன்று. அது அவர்களோடு கபருக்குள் போய்விட்டது.

உங்கள் வீட்டில் இன்னும் அந்தக் கைகள் அசைந்துகொண்டிருந்தால், இன்று அஸருக்குப் பிறகு அருகில் போய் உட்காருங்கள். அனுமதி கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் கண்களையும், நம் கையிலுள்ள கருவியின் கண்ணையும், நன்மையானவற்றின் பால் திருப்புவானாக! பிறர் மானத்தைப் பேணி நடக்கும் நற்பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.